மலையில் நண்பர்களை இழந்து, கட்டுப்போட்ட காலோடு திரும்பியவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து வார இறுதிகளில் ஜொகூர்ப் பக்கம் மலையேறப் போகும் குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. ஒரு முறை ஆற்றோரப் பாதையில் திடீர் வெள்ளம் வந்தது. மேலே மலையில் மழை பெய்திருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் வெயில். நண்பர்கள் சிலர் திரும்பவில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அதன் பிறகு, வேறு வேறு விபத்துகளிலிருந்து மீண்டவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக என்னை அழைக்கத் தொடங்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் காலைப் பொறுத்தவரை உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை.

எலும்பு ஒட்ட எவ்வளவு நாள் ஆகும்? எப்போது ஊன்றி நடக்கலாம்?

மணிக்கட்டு மாதிரியான இடங்களுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். கீழ்க்கால் எலும்புக்கு மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேலே. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். ஆனால் ஒட்டுவது வேறு, ஊன்றுவது வேறு. தகடு வைத்தவர்களில் சிலரை மருத்துவர் சீக்கிரமே ஊன்றச் சொல்வார். சிலரைப் பல வாரம் பாதம் தரையில் படக் கூடாது என்பார். ஒவ்வொரு முறை போகும்போதும் 'இப்போது எவ்வளவு பாரம் வைக்கலாம்?' என்று நேராகக் கேளுங்கள். 'பாதி' என்று சொன்னால், வீட்டில் எடை பார்க்கும் கருவிமேல் அந்தக் காலை வைத்து அழுத்திப் பார்த்தால் பாதி என்பது எவ்வளவு என்று காலுக்குப் பழகிவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கெண்டைக்கால் புதிதாக வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

அத்தை வாராவாரம் ஆட்டுக்கால் சூப் கொண்டுவருகிறார். ஊருக்குப் போய்ப் புத்தூர்க் கட்டும் போடச் சொல்கிறார். போடலாமா?

சூப்பைக் குடியுங்கள். அதுவே எலும்பை ஒட்டவைத்துவிடாது. ஆனாலும் படுத்துக் கிடப்பவருக்குப் பசி செத்துப்போயிருக்கும். எலும்புக்கும் தசைக்கும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாமே உதவும். தேக்காச் சந்தை வரை போய்க் கால் வாங்கி, சுட்டு, மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் கொண்டுவரும் அத்தையிடம் 'இதில் பயன் இல்லை' என்று சொல்வதால் யாருக்கும் லாபம் இல்லை.

கட்டு வேண்டாம். அறுவை செய்து தகடோ ஆணியோ வைத்த காலை இன்னொருவர் இழுத்துக் கட்டக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் அப்படியே. தழும்பு நன்றாக ஆறிய பிறகு அதைச் சுற்றி லேசாகத் தடவிவிடலாமா என்று பிசியோவிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே எப்படி என்று காட்டித்தருவார்கள்.

பிசியோ போனால் வலி அதிகமாகிறது. நிறுத்திவிடலாமா?

என் பிசியோ சொன்ன கணக்கு எளிமையானது. செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. மறுநாளும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஆட்டாத காலில் தசை சில வாரத்தில் கரைந்துவிடும், திரும்ப வர மாதக்கணக்காகும். இரண்டு தொடையையும் அளவுநாடாவால் சுற்றிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மலையேறிகள் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கடைசியில் திரும்பி வருவது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. நம் புளோக்கின் படிக்கட்டை விட நல்ல பயிற்சிக்கூடம் இந்த ஊரில் இல்லை: ஆரம்பத்தில் படியேறிப் போய் லிஃப்டில் இறங்குங்கள், பிசியோ சொன்ன பிறகு படியிலேயே இறங்குங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். கணுக்கால் இழந்த சமநிலை அப்படித்தான் திரும்புகிறது.

செலவை யார் தருவார்கள்? லீவு எவ்வளவு கிடைக்கும்?

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தாது. ஆகவே அங்கே ஆன செலவுக்குப் பயணக் காப்புறுதிதான் கதி. அந்தப் பத்திரத்தில் இரண்டு இடத்தை உடனே தேடுங்கள்: எவ்வளவு உயரம் வரை, கயிறு இல்லாமல் ஏறும் மலையா என்ற நிபந்தனை ஒன்று, ஊர் திரும்பிய பிறகு தொடரும் சிகிச்சைக்கு எத்தனை நாள் கெடு என்பது இன்னொன்று. கெடு தெரியாமல் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். இங்கே தொடர்ந்து பார்க்க, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும்.

வேலை நியமனச் சட்டத்தின்படி, ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு, அதையும் சேர்த்து 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு. துக்கத்துக்கான விடுப்பைச் சட்டம் சொல்லவில்லை. அது முதலாளி தருவது. தருகிற கம்பெனிகளும் பெற்றோர், துணை, பிள்ளை என்றுதான் பட்டியல் போட்டிருக்கும். நண்பன் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டான். உங்களுக்கு எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், இருப்பது காலுக்காகத்தான்.

நான் வார்டில் கிடந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இனி என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் வழக்கத்தில் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. கொள்ளி வைக்க ஒருவர், வாய்க்கரிசி போடச் சிலர், கோடி போட மாமன் வீடு. தீட்டு யாருக்கு எத்தனை நாள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நண்பனுக்கு எதுவும் இல்லை. நாற்காலி எடுத்துப் போடலாம், தண்ணீர் பாட்டில் கொடுக்கலாம், மண்டாய் எரியூட்டு நிலையத்துக்குப் பஸ்ஸில் போகலாம். அடிபட்டுக் கிடப்பவனுக்கு அதுவும் போய்விடுகிறது. அது போதாதென்று, வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நோயாளி என்று பார்க்கிறார்களே தவிர, இவனும் துக்கத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆக, உங்களுக்கான இடத்தை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எப்படி? பதினாறாம் நாள் காரியத்துக்குச் சக்கர நாற்காலியிலாவது போக முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில சமயம் கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதிப்பதுண்டு. அதுவும் தாண்டிவிட்டதென்றால் வீட்டுக்குப் போங்கள். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் போங்கள். முதல் வாரம் கீழ்த்தளம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். அப்புறம் யாரும் வருவதில்லை. அப்போது கதவைத் தட்டுகிறவருக்குத்தான் அந்த வீட்டில் உட்காரவைத்து ஆல்பம் காட்டுவார்கள். முன்கூட்டியே போன் செய்து, 'நான் அன்றைக்கு வர முடியாமல் போனது, இப்போது வரலாமா?' என்று கேளுங்கள். சாம்பலை மண்டாயில் மாடத்தில் வைத்திருக்கிறார்களா, கடலில் கரைத்துவிட்டார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுத் திதிக்கு உங்களையும் அழைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது. மனமில்லாமல் அல்ல, உங்கள் கால் சரியாகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இறந்தவர்களில் ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். அவர்கள் வீட்டுக்கு எப்படிப் போவது?

சீனர் வீட்டுச் சடங்கு பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று ஒற்றைப்படையில் நடக்கும். வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை வைப்பார்கள். பளிச்சென்ற நிறம், முக்கியமாகச் சிவப்பு, உடுத்தாதீர்கள். மலாய் முஸ்லிம்கள் முடிந்தால் அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள், அதனால் நீங்கள் போவது அநேகமாக அதற்குப் பிறகுதான் இருக்கும். உடலை மூடிய எளிய உடை போதும், மாலை தேவையில்லை. பிந்திப் போகிறவருக்கு இந்த விதிகளில் பாதி பொருந்தாது. பழங்கள் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.

எனக்கு அழுகையே வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரியா?

இல்லை. வலி மாத்திரை, தூக்கமின்மை, அடுத்த அறுவை, பில் என்று இருக்கும்போது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் மும்முரமாக இருக்கும். பலருக்கு அழுகை வந்தது ஊன்றுகோலை விட்ட வாரத்தில்தான். நொண்டும் வரைக்கும் துக்கத்துக்கு ஒரு வெளி அடையாளம் இருந்தது, அது போனதும் எல்லாரும் 'சரியாகிவிட்டது' என்று கிளம்பிவிட்டார்கள் என்றார் ஒருவர். அழவே அழாதவர்களும் உண்டு. அதுவும் குறையில்லை.

வருகிறவர்கள் எல்லாம் 'உனக்கு ஆயுசு கெட்டி' என்கிறார்கள். எனக்கு எரிகிறது. என்ன பதில் சொல்ல?

'ம்ம்' போதும். பெரியவர்கள் பயத்தில் சொல்வது அது. உங்களைப் பார்த்ததில் வந்த நிம்மதி வாயில் அப்படி வருகிறது. ஆனால் போனவர் வீட்டு ஆட்கள் இருக்கும் இடத்தில் யாராவது அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள். அவர்கள் பிள்ளைக்கு ஆயுசு கெட்டியில்லை என்று காதில் விழுவதை யாரும் தாங்க முடியாது.

அவர்களை வரச்சொன்னதே நான்தான். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

இதற்கு 'உன் தப்பு இல்லை' என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அது உள்ளே இறங்கியிருக்காது. நான் வேறு ஒன்று கேட்பேன்: அன்று காலை, உங்களிடம் இருந்த தகவலை மட்டும் வைத்து, நியாயமான ஒருவர் வேறு முடிவு எடுத்திருப்பாரா? முடிவு தெரிந்த பிறகு மனம் பின்னால் போய், தெரியாததையெல்லாம் தெரிந்திருந்த மாதிரி அடுக்கிக்கொள்ளும். 2015 ஜூன் 5ஆம் தேதி மலேசியாவின் சபாவில் உள்ள கினபாலு மலையில் 6.0 அளவில் நிலநடுக்கம் வந்தபோது 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியின் ஏழு மாணவர்களும் இரு ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம். அந்தக் காலை மலை அசையும் என்று யாருக்குத் தெரியும்?

சில சமயம் பதில் 'ஆமாம், வேறு முடிவு எடுத்திருக்கலாம்' என்றும் வரும். வானிலை எச்சரிக்கை இருந்திருக்கும், வழிகாட்டி வேண்டாம் என்றிருப்பார். அப்போது பொய்யாக ஆறுதல் சொல்லிக்கொண்டு பயனில்லை. அதைத் தனியாகச் சுமக்காமல், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். நண்பர்களிடம் சொன்னால் அவர்கள் உடனே சமாதானம் சொல்லி மூடிவிடுவார்கள்.

அவன் அம்மா 'கடைசியாக என்ன சொன்னான்?' என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா?

வேண்டாம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 'உங்களைத்தான் கேட்டான் ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டால் அவர் முகம் ஒரு நிமிடம் தெளியும். அப்புறம் அதை அவர் எல்லாரிடமும் சொல்வார். உங்களோடு வந்த இன்னொருவர் வேறு மாதிரி சொல்வார். பிறகு அவர் உங்களிடம் மறுபடி மறுபடி கேட்பார், ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தப் பொய்யை அவர் முன்னால் புதுப்பிக்க வேண்டிவரும். அந்த வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுவீர்கள்.

தலையில் அடிபட்டால் விபத்துக்கு முன்னும் பின்னும் சற்று நேரம் நினைவிலேயே பதியாமல் போவது சாதாரணம். பதியாதது, முயன்றாலும் திரும்பாது. அதைச் சொல்லுங்கள்: 'ஆன்ட்டி, தலையில் அடிபட்டதால் அந்த நேரம் எனக்கு இல்லை. ஆனால் அன்று காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.' அப்புறம் காலையைச் சொல்லுங்கள். சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று என்ன பேசினான், ஜொகூரில் எத்தனை ரொட்டி சானாய் சாப்பிட்டான், யாரைக் கிண்டல் செய்தான், பையில் யாருக்கும் தெரியாமல் என்ன கொண்டுவந்தான். அந்த அம்மாவுக்குக் கடைசிச் சொல் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் கடைசியில் அவர் பிடித்துக்கொள்வது இந்த ரொட்டி சானாயைத்தான் என்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே கடைசி நேரம் நினைவிருந்து, அது கொடுமையானதாக இருந்தால்? கேட்டதற்கு மேல் சொல்லாதீர்கள். 'எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். அப்பா ஒரு அளவு கேட்பார், அம்மா வேறு அளவு கேட்பார். தம்பி தங்கை தனியாக வந்து எல்லாவற்றையும் கேட்பார்கள்.

மழைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது. கனவு வேறு. எப்போது டாக்டரிடம் போவது? வேலையிடத்தில் தெரிந்துவிடுமா?

முதல் சில வாரங்களில் இது பெரும்பாலோருக்கு வரும், தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால், மழை வந்தால் வெளியே போகாமல் இருப்பது மாதிரி வாழ்க்கை சுருங்கினால், பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். இதற்கென்றே பேச்சுச் சிகிச்சைகள் உண்டு, நன்றாகவே பலன் தருகின்றன. விபத்து நடந்த கையோடு குழுவையே உட்காரவைத்து எல்லாரையும் ஒரே தடவையில் பேசவைப்பது நல்லது என்று நினைக்கிறார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பேசத் தோன்றாதவரை வற்புறுத்தாதீர்கள்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 மூன்றும் 24 மணி நேரமும் இயங்குபவை. உடனடி ஆபத்து என்றால் 995. தமிழில் பேச விரும்பினால் அழைத்தவுடனேயே கேளுங்கள், கிடைக்குமா என்று சொல்வார்கள். வேலையிடத்துக்கு யாரும் தகவல் அனுப்புவதில்லை. எம்சியில் நோயின் பெயர் இருக்க வேண்டியதுமில்லை.

குழுவின் வாட்ஸ்அப்பில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கிறது. நீக்குவதா? செய்திக்குக் கீழே வரும் கமெண்டுகளுக்குப் பதில் சொல்வதா?

நீக்காதீர்கள். பழைய குழுவைப் பேச்சில்லாமல் விட்டுவிட்டு, ஏற்பாடுகளுக்குப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். சில மாதம் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போய், முன்பின் தெரியாத முகம் அதில் வரலாம். அதனால் படங்களையும் குரல்பதிவுகளையும் இப்போதே சேமித்துவையுங்கள். குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள், விபத்து நடந்த இடத்துப் படங்களை மட்டும் தனியே பிரித்துவிட்டு.

கமெண்டுகளைப் படிக்காதீர்கள். 'மழைக்காலத்தில் எதுக்குப் போனாங்க' என்று எழுதுகிறவர் உங்கள் பதிலுக்காக எழுதவில்லை. பத்திரிகையாளர் அழைத்தால், குடும்பத்திடம் கேட்காமல் எதுவும் சொல்ல வேண்டாம்.

கால் சரியாகிவிட்டது. மறுபடி போக ஆசை. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

வீட்டாரையும் நோயாளியாகவே நினையுங்கள். அவர்களும் அந்த இரவு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். முதலில் அவர்களையும் கூட்டிக்கொண்டு ரயில் காரிடரில் ஒரு காலை நடங்கள், சமதளம், நினைத்த இடத்தில் திரும்பலாம். அப்புறம் சதர்ன் ரிட்ஜஸ். மெக்ரிட்சியைப் பிறகு பாருங்கள். அங்கே மரங்களுக்கு மேலே போகும் தொங்குபாலம் ஒருவழிப் பாதை, பாதியில் பயம் வந்தாலும் திரும்ப முடியாது. புக்கிட் தீமா 163 மீட்டர்தான், ஆனால் தார்ச்சாலை இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். மேலே சொன்ன மறுநாள் காலைக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

போகப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பூட்ஸைக் கொடுத்துவிட்டு நீச்சலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கோழை என்று சொல்லக் கேட்டதில்லை.

முதல் ஆண்டு நினைவுக்கு, அவள் ஏற ஆசைப்பட்ட மலையை அவளுக்காக ஏறப் போகிறோம். படத்தையும் கொஞ்சம் சாம்பலையும் கொண்டுபோகலாமா?

படம் கொண்டுபோங்கள். சாம்பல் உங்களுடையது அல்ல, அவள் குடும்பத்துடையது. அவர்கள் தாமாக முன்வந்து கொடுத்தால்கூட, அந்த நாட்டுப் பூங்கா விதிகள் அனுமதிக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும்; கினபாலு மாதிரி இடங்களில் அது உள்ளூர் மக்களுக்குப் புனித மலை. சிங்கப்பூரிலேயே செய்ய விரும்பினால் சுவா சூ காங்கில் சாம்பல் தூவுவதற்கென்று 2021இல் திறந்த தோட்டம் இருக்கிறது, கடலில் கரைக்க செமக்காவ் தீவுக்குத் தெற்கே ஒதுக்கிய இடம் இருக்கிறது.

திதி நாளன்றே மலையில் நிற்க வேண்டும் என்று திட்டமிடாதீர்கள். அன்று நீங்கள் அவள் வீட்டில் இருக்க வேண்டும்; ஐந்தாவது கேள்வியில் சொன்ன இடம் அதுதான். மலைக்கு வேறொரு வார இறுதியைப் பாருங்கள். தேதி கட்டாயமாக இல்லாவிட்டால், வானம் கறுத்தால் பாதியில் திரும்புவதற்கும் யாருக்கும் தயக்கம் இருக்காது. 'அவளுக்காக எப்படியாவது உச்சிக்குப் போயே ஆக வேண்டும்' என்று குழுவில் யாராவது பேசத் தொடங்கினால், அந்த ஆளை முன்னால் நடக்கவிடாதீர்கள்.